வலிப்பு உள்ள தம்பி ஓடலாமா, ஓடினால் ஞாபகம் கூடுமா?

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 24 வயது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தொடங்கிய வலிப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரியில் காட்டி இரண்டு மாத்திரை சாப்பிடுகிறான். அப்படியும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபிட்ஸ் வந்துவிடுகிறது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறான், படித்தது மறுநாள் நிற்கவில்லை என்று அழுகிறான். ஜிம்முக்குப் போனால் ஞாபகசக்தி கூடும் என்று கூட்டுக்காரன் ஒருவன் சொல்லியிருக்கிறான். அப்பாவோ, "மூச்சு வாங்க ஓடினா ஃபிட்ஸ் வரும். காலையில எங்கூட ரப்பர் பால் வெட்டுக்கு வாறானே, அந்த நடை போதாதா?" என்கிறார். அம்மா பிரம்மி நெய்யும் வல்லாரை லேகியமும் கொடுக்கலாமா என்று கேட்கிறார். இதில் யார் சொல்வது சரி?

நான் பிசியோதெரபிஸ்ட். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்து ஆட்களும் பாறசாலைப் பக்கத்து ஆட்களும் என்னிடம் வருவதுண்டு, அவர்களில் வலிப்பு உள்ளவர்களும் உண்டு. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை இல்லை, அதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உடம்பை அசைப்பது பற்றியும் அது மூளைக்கு என்ன செய்கிறது என்பது பற்றியும் சொல்கிறேன்.

தம்பி உடற்பயிற்சி செய்யலாம். செய்வது நல்லது. கூட்டுக்காரன் சொன்னதில் பாதி உண்மை. அப்பாவின் பயம் நியாயமானதுதான், ஆனால் தவறான இடத்தில் இருக்கிறது. அவர் ஓட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். எனக்குப் பயம் விடிகாலை மூன்று மணிக்கு அந்தப் பையனை எழுப்பிக் கூட்டிப்போகிற பால் வெட்டைப் பார்த்துத்தான். வல்லாரைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஞாபகம் ஏன் நழுவுகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் உடற்பயிற்சி எந்த இடத்தில் உதவும் என்பது பிடிபடும். காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரண்டு பக்கத்திலும் டெம்போரல் மடல் இருக்கிறது. அதன் உள்மடிப்பில் ஹிப்போகாம்பஸ் என்று சிறிய பகுதி. இன்று கேட்டதை நாளைக்கும் அடுத்த மாதத்துக்கும் நிற்கிற நினைவாக மாற்றுவதில் அதற்குத்தான் பெரிய பங்கு. மருத்துவ உலகம் இதைத் தெளிவாகக் கற்றுக்கொண்டதே ஒரு வலிப்பு நோயாளியிடமிருந்துதான். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு அடங்காத வலிப்பு. 1953-இல் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008-இல் இறக்கும்வரை புதிதாகப் பார்த்த முகமோ புதிதாகக் கேட்ட செய்தியோ அவருக்குள் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரைப் பரிசோதித்தார், ஒவ்வொரு முறையும் முதல் தடவை பார்ப்பவரைப் போலவே அவர் பேசினாராம். அந்த மாதிரி இரண்டு பக்கமும் எடுக்கிற அறுவையை இப்போது யாரும் செய்வதில்லை.

பெரியவர்களுக்கு வருகிற, ஒரு இடத்திலிருந்து கிளம்புகிற வலிப்புகளில் அதிகம் தொடங்குவது இதே டெம்போரல் மடலில்தான். பலருக்கு அங்கே தழும்பு மாதிரி இருக்கும். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'மீசியல் டெம்போரல் ஸ்கிளிரோசிஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இடது பக்கம் என்றால் பெரும்பாலும் சொல், பெயர், படித்த வரி இவற்றில் அடி விழும். வலது பக்கம் என்றால் முகம், வழி, இடம் போன்றவற்றில். இது கறாரான கணக்கு இல்லை, பொதுவாகச் சொல்வது.

தழும்பு மட்டும் காரணம் என்றால் உடற்பயிற்சி பற்றிப் பேசவே வேண்டியதில்லை, தழும்பை எந்த ஓட்டமும் அழிக்காது. ஆனால் வேறு காரணங்களும் கூடவே நிற்கின்றன. ஒவ்வொரு ஃபிட்ஸுக்கும் முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் படித்தது பதியாது. ஃபிட்ஸ் வராத நாளிலும் மூளையின் மின்னோட்டத்தைப் பதிகிற ஈஇஜி-யில் தெரிகிற சின்னச் சின்ன மின் பொறிகள் கவனத்தைக் கணநேரம் வெட்டிவிடும். அவை தூக்கத்தில் கூடுதலாக வருவதால், பகலில் படித்ததை இரவில் மூளை அடுக்கி வைக்கிற வேலையும் கெடும். மாத்திரைகளில் டோபிராமேட் சொல் தேடுவதைச் சிரமமாக்கும், பீனோபார்பிட்டோன் மந்தமாக்கும். லெவெடிரசெட்டம் ஞாபகத்தை அவ்வளவாகத் தொடாது, ஆனால் சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் தரும்.

அந்த மனச்சோர்வு என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வலிப்பு உள்ளவர்கள் "ஞாபகமே இல்லை" என்று சொல்லும் குறையையும், நரம்பு உளவியல் பரிசோதனையில் அவர்கள் எடுக்கிற மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் நிறைய உண்டு. குறை சொல்வது மதிப்பெண்ணோடு சேர்வதைவிட மனச்சோர்வோடும் பதற்றத்தோடும்தான் அதிகம் சேர்ந்து போகிறது. அதாவது, மறந்துவிட்டது என்று தவிக்கிற பையனுக்கு உண்மையில் பதிவு கெட்டிருக்கலாம், அல்லது பயத்திலும் சோர்விலும் கவனமே உள்ளே போகாமல் இருந்திருக்கலாம். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். படித்தது நிற்கவில்லை என்று 24 வயதுப் பையன் அழுகிறான் என்றால் நான் முதலில் கேட்பது அவன் சிரித்து எத்தனை நாளாகிறது, எத்தனை மணிக்குத் தூங்குகிறான், வெளியே யாரோடு பேசுகிறான் என்பதைத்தான்.

உடற்பயிற்சி பிடித்துக்கொள்கிற இடமும் இதுதான். ஆராய்ச்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

வலிப்பு இல்லாதவர்களிடம் சான்று பலமாக இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள் வேகமாக நடந்தது, ஒரு தடவைக்கு 40 நிமிடம் வரை. மற்றக் குழு உடம்பை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தால், நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது, மற்றவர்களுக்கு வயதுக்கேற்பக் கொஞ்சம் சுருங்கியிருந்தது. எலிகளில் இன்னும் ஆழமாகப் பார்த்திருக்கிறார்கள். சக்கரத்தில் ஓடவிட்ட எலிக்கு ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்கள் கூடுகின்றன, பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதமும் கூடுகிறது. பெரிய மனிதர்களின் மூளையில் அப்படிப் புது நரம்பணு பிறக்கிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. 2018-இல் ஒரு மாத இடைவெளியில் ஒரு குழு இல்லை என்றும் இன்னொரு குழு உண்டு என்றும் எழுதின. அதனால் "ஓடினால் மூளை செல் முளைக்கும்" என்று ஜிம் மாஸ்டர் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விடுங்கள்.

வலிப்பு உள்ள எலிகளை வைத்துப் பிரேசிலில் ரிக்கார்டோ அரிடாவின் குழு 1990-கள் முதல் தொடர்ந்து வேலை செய்கிறது. ஓடப் பழக்கிய எலிகளுக்கு ஃபிட்ஸ் குறைந்தது. மனிதர்களிடம் வரும்போது ஆய்வுகள் சிறியவை. நார்வேயில் 1994-இல் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 15 பெண்களை வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், 15 வாரம் இசையோடு உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஃபிட்ஸ் குறைந்ததாக அவர்கள் குறித்து வைத்தார்கள், தசைவலியும் களைப்பும் குறைந்தது. வேறு சில ஆய்வுகளில் ஃபிட்ஸின் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் கூடவும் இல்லை. குறிப்பாக ஞாபகத்தைப் பார்த்தது அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஒரு முன்னோட்ட ஆய்வு, 2019-இல் வந்தது. ஆறு வாரம் ஓட்டமும் எடைப் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் பரிசோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. கலந்துகொண்டவர்கள் கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான், அதிலும் அவர்களுக்கு இருந்தது டெம்போரல் மடல் வலிப்பு இல்லை, மூளை முழுவதும் ஒரே நேரத்தில் தொடங்குகிற வேறு வகை.

ஆகவே என் கணிப்பு இது. உடற்பயிற்சி ஞாபகத்துக்கு நேரடி மருந்து என்று வலிப்பு உள்ளவர்களிடம் இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை, நம்பிக்கை தருகிற தொடக்கங்கள் மட்டும் உண்டு. ஆனால் ஞாபகத்தைக் கீழே இழுக்கிற தூக்கக்கேடு, மனச்சோர்வு, பதற்றம், பகல் மந்தம் இந்த நான்கிலும் உடற்பயிற்சி வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தம்பிக்குப் பலன் கிடைத்தால் முதலில் அந்த வழியாகத்தான் கிடைக்கும். "நன்றாகத் தூங்குகிறேன், உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் கவனம் நிற்கிறது" என்று முதலில் சொல்வான். மதிப்பெண் அப்புறம் வரும், வராமலும் போகலாம்.

எலும்பு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபெனிட்டாயின், பீனோபார்பிட்டோன், கார்பமசெபின் மாதிரி மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் டி குறைந்து எலும்பு மெலியும். வால்புரோயேட் பலருக்கு எடையைக் கூட்டும். உடம்பின் எடையைக் காலில் தாங்கிச் செய்கிற நடை, ஓட்டம், படி ஏறுதல் இரண்டுக்குமே நல்லது. ஞாபகம் கூடாவிட்டாலும் இது கையில் இருக்கிற லாபம்.

இனி அப்பாவின் கேள்வி. மூச்சு வாங்கினால் ஃபிட்ஸ் வரும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஈஇஜி எடுக்கும்போது மூன்று நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள், அது சில வகை வலிப்பை, முக்கியமாகக் குழந்தைகளுக்குக் கண நேரம் வெறித்துப் பார்க்கிற வகையை, கிளப்பிவிடும். சும்மா உட்கார்ந்துகொண்டு வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேவைக்குக் கீழே இறங்கிவிடுகிறது, அதனால்தான். ஓடும்போது கதையே வேறு. தசைகள் கார்பன் டை ஆக்சைடையும் அமிலத்தையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன, அதை வெளியேற்றத்தான் மூச்சு வாங்குகிறது. பயிற்சி செய்கிறபோது ஈஇஜி எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மின் பொறிகள் குறைந்தனவே தவிரக் கூடவில்லை. சும்மா உட்கார்ந்து வேகமாக மூச்சு விடுவதில்தான் ஆபத்து என்பதாலேயே யோகாவில் கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமூச்சுப் பயிற்சிகளை வலிப்பு உள்ளவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதில்லை. மெதுவான மூச்சும் ஆசனங்களும் சரி. சிரசாசனம் வேண்டாம், விழுந்தால் கழுத்து.

உடற்பயிற்சியால் மட்டுமே ஃபிட்ஸ் வருகிறவர்கள் மிகச் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஓடும்போது திடீரென்று மயங்கி விழுந்தால் அது வலிப்பு என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள், சில சமயம் அது இதயத் துடிப்பின் கோளாறாக இருக்கும். தம்பி எப்போதாவது ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்திருக்கிறான் என்றால், பயிற்சி தொடங்குமுன் ஒரு ஈசிஜி எடுத்து இதய மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வலிப்புக்கு எதிரான சர்வதேச அமைப்பு 2016-இல் விளையாட்டுகளை மூன்று வகையாகப் பிரித்தது. ஃபிட்ஸ் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் அதன் அளவுகோல். தரையில் ஆடுகிற குழு விளையாட்டுகள், பெரும்பாலான ஓட்டப் பந்தயங்கள், மட்டைப் பந்தாட்டங்கள், நடனம் இவை முதல் வகை, கூடுதல் ஆபத்து பெரிதாக இல்லை. நீச்சல், சைக்கிள், எடை தூக்குதல், குத்துச்சண்டை, கராத்தே இரண்டாவது, ஃபிட்ஸ் வந்தால் ஆடுகிறவருக்கு அடிபடும். மலையேற்றம், ஆழ்கடல் டைவிங், மோட்டார் பந்தயம் மூன்றாவது. தம்பிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, அதுவும் நினைவு தப்புகிற வகை என்றால், முதல் வகையில் தாராளமாக இறங்கலாம். சாயங்காலம் ஊர்ப் பையன்களோடு வாலிபாலோ ஃபுட்பாலோ ஆடினால் எனக்கு ஜிம்மைவிட அது பிடிக்கும், பேச்சும் சிரிப்பும் கூடக் கிடைக்கும். இரண்டாவது வகைக்கு மருத்துவரிடம் கேட்க வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். சிலம்பமோ அடிமுறையோ ஆசானிடம் கற்க ஆசைப்பட்டால் சுவடு என்ற கால்வைப்புப் பயிற்சியும் உடற்பயிற்சியும் செய்யட்டும், கம்பு சுழற்றி மோதுவது வேண்டாம்.

எங்கள் ஊருக்கு இந்தப் பட்டியலில் இல்லாத ஆபத்துகள் உண்டு. முதலாவது தண்ணீர். வலிப்பு உள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 15 முதல் 19 மடங்கு அதிகம் என்று 2008-இல் பல நாட்டுத் தரவுகளைத் திரட்டிக் கணக்கிட்டிருக்கிறார்கள். தடுக்கி விழுந்தால் குளம், எழுந்தால் கால்வாய் என்று இருக்கிற மாவட்டத்தில் இது சின்ன எண் இல்லை. பயிற்சி முடித்து வியர்வையோடு நேராகக் குளத்தில் இறங்குகிற பழக்கம் எல்லாப் பையன்களுக்கும் இருக்கிறது. தம்பி வீட்டில் வாளியில் மொண்டு குளிக்கட்டும், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டாம். குழித்துறை ஆறு, திற்பரப்பு அருவி, தேங்காப்பட்டணம் கடல் எதுவானாலும் தனியாக இல்லை. நீந்தத் தெரியும் என்பது இங்கே உதவாது, நினைவு தப்பினால் நீச்சலும் தப்பிவிடும். கூட வருகிறவனுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், இவனுக்கு வலிப்பு உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கைப்பிடிச்சுவர் தாழ்ந்த கிணற்றங்கரையும் இதே கணக்குத்தான்.

இரண்டாவது தூக்கம். ரப்பர் மரத்தில் இரவின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறையும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டப் போகிறார்கள். அப்பா சொல்வது ஒரு வகையில் சரி. நூற்றுக்கணக்கான மரங்களுக்கு ஏறி இறங்கி நடந்து குனிந்து வெட்டுவது உண்மையான உடலுழைப்பு, அதைக் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் ராத்திரி பதினொன்று வரை படித்துவிட்டு மூன்று மணிக்கு எழுகிற பையனுக்கு நாலு மணி நேரத் தூக்கம்தான். தூக்கக் குறைவு ஃபிட்ஸைக் கிளப்புகிற முக்கியமான காரணங்களில் ஒன்று. ஈஇஜி எடுக்குமுன் "ராத்திரி தூங்காமல் வாருங்கள்" என்று சில சமயம் ஆஸ்பத்திரியிலேயே சொல்வது எதற்கு? தூங்காத மூளையில் கோளாறு எளிதாக வெளிப்படும் என்பதற்குத்தான். படித்தது பதிவாவதும் தூக்கத்தில்தான். ஆக அந்த நாலு மணித் தூக்கம் இவனுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். இருட்டில் தனியாக, கையில் கூரான கத்தியோடு நிற்பது வேறு. பால் வெட்டை விட முடியாத குடும்ப நிலை என்றால் எட்டரை மணிக்குள் படுக்க வைத்துவிடுங்கள், படிப்பைப் பகலுக்கு மாற்றுங்கள், வெட்டுகிற வேலையை அப்பா செய்யட்டும், விடிந்த பிறகு பால் எடுக்கவும் ரப்பர் ஷீட் அடிக்கவும் தம்பி உதவட்டும். ஷீட் அடிக்கிற உருளையில் கை வைக்கிற வேலையை மட்டும் வேறு ஆள் பார்க்க வேண்டும். விட முடியும் என்றால் தேர்வு முடியும்வரை விட்டுவிடுவது நல்லது.

எப்படித் தொடங்குவது? வேகமான நடையிலிருந்து. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, நாள்பட்ட நோய் உள்ள பெரியவர்களுக்கும் அதேதான். தம்பி அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த மூச்சுதான் சரியான வேகம். முதல் மாதம் நடை, அப்புறம் நடையும் ஓட்டமும் கலந்து. மெயின் ரோட்டு ஓரத்தில் லாரிகளுக்கிடையே ஓட வேண்டாம், பள்ளி மைதானம் நல்லது. வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி சேர்க்கலாம். இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும், வருடத்தில் பாதி நாள் மைதானம் சேறுதான். மழை நாளில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கீழ்ப்படியில் ஏறி இறங்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும்.

ஜிம்தான் வேண்டும் என்றால் போகட்டும். மாஸ்டரிடம் வலிப்பைச் சொல்லிவிட்டுத்தான் சேர வேண்டும், மறைத்தால் விழுகிற அன்று யாருக்கும் கை கால் ஓடாது. படுத்துக்கொண்டு கம்பியைத் தூக்குகிற பெஞ்ச் பிரஸ் வேண்டாம், கழுத்தில் விழும். டிரெட்மில்லைவிட ஒரே இடத்தில் நிற்கிற சைக்கிள் மேல். அங்கே விற்கிற 'ப்ரீ ஒர்க்கவுட்' பொடிகளில் காபின் அளவுக்கு மீறி இருக்கும், எனர்ஜி டிரிங்கும் அப்படித்தான், தொட வேண்டாம். உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்குவதும் கூடாது. டிராமடால் என்ற வலி மாத்திரை ஃபிட்ஸைக் கிளப்பும். பாரசிட்டமால் போதும்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. டோபிராமேட், சோனிசமைடு சாப்பிடுகிறவர்களுக்கு வியர்வை குறையும், உடம்பு சூடேறும், சிறுநீரகக் கல்லும் வரலாம். அவர்கள் மதிய வெயிலில் ஆடக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் சாப்பிடுகிறவர்களுக்கோ நேர் எதிர்க் கவலை. இரத்தத்தில் சோடியம் குறையும், வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் இன்னும் குறைந்து அதுவே ஃபிட்ஸுக்குக் காரணமாகும். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் அல்லது மோர் இதற்கு அருமையானது. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம். அதை உப்புக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். தம்பி சாப்பிடுவது எந்த மாத்திரை என்று கேள்வியில் இல்லை, அட்டையைப் பார்த்து இரண்டில் எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபிட்ஸ் வந்த மறுநாள் ஓய்வு. மாத்திரை தவறிய நாளிலும், காய்ச்சலிலும், தூங்காத இரவுக்கு அடுத்த காலையிலும் பயிற்சி இல்லை. மைதானத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கூட ஆடுகிற இரண்டு பேருக்காவது கற்றுக்கொடுத்து வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். கையில் சாவிக்கொத்தையும் இரும்பையும் திணிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பெரும்பாலான ஃபிட்ஸ் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. அதனால் கெடுதல் குறைவுதான், ஆனால் ஆளை ஒருக்களிக்க வேண்டிய நேரம் சாவி தேடுவதில் போகும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

படிப்போடு இதை எப்படிச் சேர்ப்பது என்று கேட்பான். 2016-இல் நெதர்லாந்தில் ஆரோக்கியமானவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். படித்து நாலு மணி நேரம் கழித்து 35 நிமிடம் பயிற்சி செய்தவர்களுக்கு இரண்டு நாள் கழித்துக் கூடுதலாக நினைவிருந்தது, படித்த உடனே செய்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. இதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மத்தியானம் படித்துவிட்டுச் சாயங்காலம் விளையாடப் போவதற்கு ஒரு நல்ல சாக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பலன் தருவது படிக்கிற முறையை மாற்றுவது. திரும்பத் திரும்ப வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை. வலிப்பு உள்ள சிலருக்கு அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் எல்லாம் நினைவிருக்கும், இரண்டு வாரத்தில் மற்றவர்களைவிட வேகமாக அழிந்துபோயிருக்கும். அவர்களுக்கு அந்த இடைவெளிப் பயிற்சி கட்டாயம் வேண்டும்.

அடுத்த தடவை திருவனந்தபுரம் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஞாபகத்துக்கென்று நரம்பு உளவியல் பரிசோதனை செய்ய முடியுமா, மாத்திரையில் எதாவது மந்தத்துக்குக் காரணமா என்பவை இரண்டு. மூன்றாவதுதான் முக்கியம். சரியான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் ஃபிட்ஸ் நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று வகைப்படுத்துகிறார்கள். தம்பி அந்த வரையறைக்குள் வருகிற மாதிரித் தெரிகிறது. சித்ராவில் 1995 முதல் வலிப்புக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. டெம்போரல் மடல் வலிப்பில் தகுதியானவர்களுக்கு அது மருந்தைவிட எவ்வளவோ மேல். 2001-இல் கனடாவில் நடந்த ஒப்பீட்டில், ஒரு வருடம் கழித்து நினைவு தப்புகிற ஃபிட்ஸ் இல்லாமல் இருந்தவர்கள் அறுவை செய்தவர்களில் 58 சதவீதம், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 8 சதவீதம். இடது பக்கத்தில் செய்தால் சொல் நினைவு குறையவும் வாய்ப்பு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளத்தான் முன்னாலேயே அந்த ஞாபகப் பரிசோதனைகள். தம்பிக்கு அது பொருந்துமா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும், நீங்கள் கேட்காமல் இருக்காதீர்கள்.

அம்மாவின் வல்லாரை. துவையலாக, தோரனாகச் சமைத்துக் கொடுக்கட்டும், கீரைதானே. பிரம்மி நெய், லேகியம், மாத்திரை என்று மருந்தாக வரும்போது நான் தயங்குவேன். செறிவாக்கிய மூலிகைச் சாறுகள் வலிப்பு மாத்திரைகளை உடைக்கிற ஈரல் நொதிகளோடு குறுக்கிடலாம். வலிப்புக்கு மூலிகை என்று விற்ற பொடிகளில் பீனோபார்பிட்டோன் கலந்திருந்ததும் நம் நாட்டில் பிடிபட்டிருக்கிறது. வாங்கிவிட்டீர்கள் என்றால் டப்பாவையே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் இப்போது சாப்பிடுகிற இரண்டு மாத்திரையில் ஒன்றைக்கூட நிறுத்த வேண்டாம்.